ஃபாரட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கியைப் பேச்சில் கெப்பாசிட்டர் என்போம். பழைய ஆட்கள் கண்டென்சர் என்பார்கள். சில நூல்களில் கொள்ளளவி என்றும் கொண்மி என்றும் இருக்கும். எந்தப் பெயரில் அழைத்தாலும் அதன் உடம்பில் ஓர் எண் அச்சடித்திருக்கும், அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அலகு ஃபாரட். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

ஒரு ஃபாரட் என்றால் எவ்வளவு?

ஒரு மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை 1 வோல்ட் உயர்த்த 1 கூலூம் மின்னூட்டம் தேவைப்பட்டால், அதன் மின்தேக்குத்திறன் 1 ஃபாரட். சுருக்கமாகச் சொன்னால், வோல்ட் ஒன்றுக்கு இத்தனை கூலூம்.

அப்படியானால் ஃபாரட் என்பது 'எவ்வளவு பிடிக்கும்' என்று சொல்லும் அளவுதானே?

பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். கொள்ளளவு, கெப்பாசிட்டி என்ற சொற்களே நம்மை ஏமாற்றிவிடுகின்றன. குடத்துக்குப் பத்து லிட்டர் என்பதுபோல மின்தேக்கிக்கும் 'இவ்வளவுதான் கொள்ளும்' என்று ஓர் எண் இருப்பதாக நினைத்துவிடுகிறோம்.

நேரான சுவர்கள் கொண்ட ஒரு தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் மின்னூட்டம். தண்ணீர் நிற்கும் உயரம் மின்னழுத்தம். ஃபாரட் என்பது தொட்டியின் அடிப்பரப்பு. அகலமான தொட்டியில் மட்டம் ஓர் அங்குலம் ஏற நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒடுங்கிய குழாயில் ஒரு டம்ளர் ஊற்றினாலே மட்டம் சரசரவென ஏறிவிடும். மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பது அடிப்பரப்பை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியதல்ல, சுவர் எவ்வளவு உயரம் என்பதும் தெரிய வேண்டும். மின்தேக்கியில் அந்தச் சுவரின் உயரம்தான் ஃபாரட் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வோல்ட் எல்லை. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 10 வோல்ட் இருக்கும்போது 1 மில்லிகூலூம் இருக்கும், 20 வோல்ட் ஆனால் 2 மில்லிகூலூம். ஃபாரட் மாறவில்லை.

இந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

ஃபாரட் ஏன் இவ்வளவு பெரிய அலகாக இருக்கிறது?

பூமியையே வெட்டவெளியில் தனியாக மிதக்கும் உலோகக் கோளமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் அதன் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 710 மைக்ரோஃபாரட்தான். ஒரு ஃபாரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தனித்த ஒரு கோளத்துக்கு 1 ஃபாரட் வேண்டுமென்றால் அதன் ஆரம் 90 லட்சம் கிலோமீட்டர் இருக்க வேண்டும். சூரியனின் ஆரத்தைப் போல அது கிட்டத்தட்ட 13 மடங்கு.

கோளம் வேண்டாம், இரண்டு தகடுகளை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் காற்றில் எதிரெதிரே நிறுத்தலாம் என்றால், ஒவ்வொரு தகடும் சுமார் 113 சதுர கிலோமீட்டர் பரப்பு இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இப்படி ஒரு பிரம்மாண்டத்தை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பிகளோடு வேலை செய்தவர்கள் மின்தடைக்கும் மின்னழுத்தத்துக்கும் கைக்கு அடக்கமான அலகுகளைத் தேடினார்கள். வோல்ட் அந்தக் கால டேனியல் மின்கலம் ஒன்றின் அழுத்தத்துக்கு அருகில் வரும்படி அமைந்தது. ஓம் கம்பியின் தடையை அளக்கத் தோதாக அமைந்தது. இந்த இரண்டையும் நொடியையும் முடிவு செய்துவிட்டால் மற்ற அலகுகள் தாமாக வந்து விழும். ஓடும் மின்சாரத்துக்கு அந்த அளவுகள் அருமையாகப் பொருந்தின. ஆனால் தேங்கி நிற்கும் மின்னூட்டத்துக்கு ஒரு கூலூம் என்பது அசுரத்தனமான அளவு: 1 கூலூம் கொண்ட இரண்டு புள்ளிகளை 1 மீட்டர் தள்ளி வைத்தால் அவை ஒன்றையொன்று சுமார் 900 கோடி நியூட்டன் விசையால் தள்ளும். அந்தக் கூலூமை ஒரே ஒரு வோல்ட்டில் அடக்கச் சொல்வதுதான் ஃபாரட்.

பெயர் எங்கிருந்து வந்தது?

மைக்கேல் ஃபாரடேயிடமிருந்து (1791–1867). புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்து, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்து சேர்ந்தவர். மின்தேக்குத்திறன் விஷயத்தில் அவருக்கு உண்மையிலேயே உரிமை உண்டு. 1837-இல் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பித்தளைக் கோளங்களை இரண்டு ஜோடி செய்து, ஒரு ஜோடியின் இடைவெளியைக் காற்றாகவே விட்டு, மற்றதில் கந்தகம், அரக்கு, கண்ணாடி என மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இடையில் இருக்கும் பொருளைப் பொறுத்து சேரும் மின்னூட்டம் மாறியது. மின்தேக்கியில் தகடுகளைப் போலவே நடுவில் சும்மா இருப்பதாகத் தோன்றும் பொருளும் வேலை செய்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

ஆனால் பெயர் சூட்டும் அவசரம் ஆய்வகத்தில் பிறக்கவில்லை. அது கடலடித் தந்திக் கம்பியில் பிறந்தது. செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே கடல் நீர். நீளமாக இழுத்துவிட்ட மின்தேக்கிதான் இது என்று ஃபாரடேயே 1854-இல் எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு தந்திக் குறிக்கும் முதலில் கம்பி முழுவதையும் நிரப்பியாக வேண்டும். கம்பி இரு மடங்கு நீண்டால் தாமதம் நான்கு மடங்காகும் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கணக்குப் போட்டுக் காட்டினார். 1858-இல் அட்லாண்டிக்கின் அடியில் கம்பி இறங்கியபோது, விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. அந்தக் கம்பி சில வாரங்களில் செத்தும் போனது.

அந்தக் கம்பித் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் பிரைட். அவரும் இன்னொரு தந்திப் பொறியாளரான லாட்டிமர் கிளார்க்கும் 1861-இல் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயர்களை வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் 'ஃபாரட்' என்ற பெயரை வைத்தது மின்னூட்டத்துக்கு. 'வோல்ட்' என்பதை மின்தடைக்கு வைத்தார்கள். பெயர்கள் பிடித்துக்கொண்டன, நாற்காலிகள்தான் மாறின. 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஃபாரட்டை மின்தேக்குத்திறனின் அலகாக ஏற்றுக்கொண்டது.

ஃபாரட்டும் ஃபாரடே மாறிலியும் ஒன்றா?

இல்லை. ஃபாரடே மாறிலி ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம், ஏறக்குறைய 96,485 கூலூம். வேதியியலில் பயன்படுவது. பெயர்க்காரர் ஒருவர், அவ்வளவுதான் உறவு.

மைக்ரோ, நானோ, பிக்கோ: எது எவ்வளவு?

மைக்ரோஃபாரட் என்பது ஃபாரட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நானோ நூறு கோடியில் ஒரு பங்கு. பிக்கோ லட்சம் கோடியில் ஒரு பங்கு. படிக்குப் படி ஆயிரம் மடங்கு என்று நினைவு வைத்தால் போதும்: 1 மைக்ரோ = 1,000 நானோ = 10,00,000 பிக்கோ.

எண்களுக்கு முகம் கொடுத்துப் பார்த்தால் இன்னும் எளிது. நிலைமின் சோதனைகளில் மனித உடலுக்குப் பதிலாக வைக்கும் மின்தேக்கி 100 பிக்கோஃபாரட். 1740-களில் வந்த லேடன் ஜாடி, அதாவது உள்ளும் புறமும் உலோகத் தாள் ஒட்டிய கண்ணாடிக் குப்பி, ஒரு நானோஃபாரட் அளவில் இருக்கும். கூரை மின்விசிறியில் இருப்பது இரண்டு, மூன்று மைக்ரோஃபாரட். மின்வழங்கிகளில், அதாவது பவர் சப்ளைகளில், உருளையாக நிற்பவை ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரட். அடியில் போனால், கணினி நினைவகச் சில்லில் ஒரு பிட்டைத் தாங்கும் மின்தேக்கி சில பத்து ஃபெம்டோஃபாரட்தான். ஃபெம்டோ என்பது பிக்கோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் உடலின் உயிரணுச் சவ்வுகூட மின்தேக்கிதான், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட். அவ்வளவு மெல்லிய சவ்வு அது.

சிறிய மஞ்சள் மின்தேக்கியில் 104 என்று மட்டும் இருக்கிறது. 104 என்ன?

முதல் இரண்டு இலக்கங்களை அப்படியே எழுதுங்கள், மூன்றாவது இலக்கம் சொல்லும் எண்ணிக்கையில் சுழியங்களைச் சேருங்கள், வருவது பிக்கோஃபாரட். 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழியம்: 1,00,000 பிக்கோ, அதாவது 100 நானோ, அதாவது 0.1 மைக்ரோ. 473 என்றால் 47 நானோ. 101 என்றால் 100 பிக்கோ. எண்ணுக்குப் பின் வரும் ஆங்கில எழுத்து பிசகும் அளவைக் காட்டும்: ஜே என்றால் 5 சதவீதம், கே என்றால் 10, எம் என்றால் 20, கூடுதலாகவோ குறைவாகவோ.

கற்றுக்கொண்ட புதிதில் நான் 104-ஐ 104 மைக்ரோஃபாரட் என்றே எடுத்துக்கொண்டு ஒரு மின்வழங்கியைக் கட்டினேன். ஒலிபெருக்கியில் பாட்டைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்டது. அரிசி அளவுப் பொருளில் அவ்வளவு இருக்குமா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

எம்எஃப்டி, எம்எஃப், யூஎஃப்: எல்லாம் ஒன்றா?

யூஎஃப் என்பது மைக்ரோஃபாரட். மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து மியூ தட்டச்சில் இல்லாததால் அதைப்போலத் தோன்றும் 'யூ' போடப்பட்டது. எம்எஃப்டி என்பதும் மைக்ரோஃபாரட்தான், பழைய வழக்கம். சிக்கல் எம்எஃப்-இல். இன்றைய முறைப்படி சின்ன 'எம்' மில்லி, ஆகவே அது மில்லிஃபாரட், 1,000 மைக்ரோவுக்குச் சமம். பழைய மின்தேக்கிகளிலோ அதையே மைக்ரோ என்ற பொருளில் அச்சடித்திருப்பார்கள். எது என்று பொருளின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆயிரம் மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தப்பாது. பழைய வானொலிகளில் 'மைக்ரோ மைக்ரோ ஃபாரட்' என்று இருந்தால் அது பிக்கோஃபாரட்.

மின்விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட் போட்டிருந்தது. 3.15 போட்டால் வேகமாகச் சுற்றுமா?

சற்று வேகம் கூடலாம், ஆனால் செய்யாதீர்கள். விசிறி மோட்டாரில் இரண்டாவது சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் காலத்தில் முன்தள்ளித் தருவதே அந்த மின்தேக்கியின் வேலை. அதன் ஃபாரட் மதிப்பு கூடினால் அந்தச் சுருளில் மின்னோட்டமும் சூடும் கூடும். சுருள் அதற்காகச் சுற்றப்பட்டதல்ல. எண் என்னவோ அதையே மாற்றுங்கள்.

விசிறி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். உள்ளே இருப்பது மெல்லிய உலோகப் பூச்சுக் கொண்ட பிளாஸ்டிக் சுருள். எங்காவது ஒரு புள்ளியில் மின்காப்பு உடைந்தால் அந்த இடத்துப் பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். வெடிக்காமல் காப்பாற்றும் நல்ல குணம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போய்விடுகிறது. தொட்டியின் அடிப்பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2.5 என்று எழுதியிருக்கும், அளந்தால் ஒன்றரைதான் காட்டும்.

வோல்ட் எண் வேறாக இருந்தால்?

அது சுவரின் உயரம். கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறைவாக இருக்கக் கூடாது.

நாணய அளவில் 1 ஃபாரட் கிடைக்கிறதே? 113 சதுர கிலோமீட்டர் எங்கே போனது?

உள்ளேதான் மடங்கிக் கிடக்கிறது. மின்தேக்குத்திறனைக் கூட்ட மூன்று வழி உண்டு: பரப்பைக் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம், நடுவில் நல்ல பொருளை வைக்கலாம். மின்பகுளி வகையில், அதாவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில், அலுமினியத் தாளை அரித்துச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டர் சொச்சம் தடிமனில் ஆக்சைடு படியவைக்கிறார்கள். மீமின்தேக்கி, அதாவது சூப்பர் கெப்பாசிட்டர், இதை எல்லைக்குக் கொண்டுபோகிறது. கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு கொண்ட கரித்தூள், அதன் மேற்பரப்பை ஒட்டி வந்து நிற்கும் அயனிகள். இடைவெளி என்பது ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் அகலம்.

விலை ஒன்று உண்டு: இத்தனை நெருக்கத்தில் அதிக அழுத்தம் தாங்காது. பொதுவாக ஒரு மீமின்தேக்கிக் கலத்துக்கு 2.7 வோல்ட்தான். அடிப்பரப்பு மைதானம் அளவு, சுவர் முழங்கால் உயரம்.

3,000 ஃபாரட் மீமின்தேக்கி வந்துவிட்டது. இனி பேட்டரி வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். தேங்கும் ஆற்றல், ஃபாரட்டை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கி வருவதில் பாதி. 3,000 ஃபாரட், 2.7 வோல்ட் என்றால் சுமார் 10,900 ஜூல். வாட்–மணியில் 3. கையில் பிடித்தால் கனக்கும் ஓர் உருளையில் இருப்பது, விரல் அளவு ஆல்கலைன் பேட்டரி ஒன்றில் இருக்கும் ஆற்றல்தான். கூடவே, பேட்டரியின் வோல்ட் பெரும்பாலான நேரம் அதிகம் இறங்காது. மின்தேக்கியில் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும்.

மின்தேக்கியின் பலம் வேகத்தில். சில நொடிகளில் நிரம்பும், சில நொடிகளில் கொட்டும், லட்சக்கணக்கான முறை சலிக்காது. பேருந்தின் பிரேக் ஆற்றலைப் பிடித்து அடுத்த புறப்பாட்டில் திருப்பித் தருவது போன்ற வேலைக்குப் பேட்டரியைவிட இது பொருத்தம்.

ஆற்றல் கணக்கில் அந்தப் 'பாதி' எதற்கு?

தொட்டியை அடியிலிருந்து நிரப்புகிறீர்கள். முதல் சொட்டைத் தூக்கத் தேவை எதுவுமில்லை, கடைசிச் சொட்டை முழு உயரத்துக்குத் தள்ள வேண்டும். சராசரி உயரம் பாதி.

ஃபாரட் சிறிதாக இருந்தால் தொடலாமா?

ஃபாரட்டை வைத்து ஆபத்தைக் கணிக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட்தான், ஆனால் 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். ஆளைக் கொல்லப் போதும், செருகியைப் பிடுங்கிய பிறகும். மறுபக்கம் 3,000 ஃபாரட்டின் 2.7 வோல்ட் வறண்ட தோலில் உறைக்கவே உறைக்காது. ஆனால் அதன் இரு முனைகளிலும் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உலோகம் உருகித் தெறிக்கும். ஒன்றில் உயரம் ஆபத்து, மற்றதில் வெள்ளம் ஆபத்து. எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு மின்தடை வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள்.

ஓமையும் ஃபாரட்டையும் பெருக்கினால் நொடி வருமாமே?

ஆமாம். ஓம் என்பது வோல்ட் வகுத்தல் ஆம்பியர், ஃபாரட் என்பது கூலூம் வகுத்தல் வோல்ட். பெருக்கும்போது வோல்ட் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது கூலூம் வகுத்தல் ஆம்பியர், அதுதான் நொடி. எனக்கு இந்த அலகு பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். மின்னலை உண்டாக்கும் சர்க்யூட்கள், டைமர்கள், வடிகட்டிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பெருக்கல்தான் ஓடுகிறது.

இதை வைத்து மீட்டரில் ஃபாரட் அளவு இல்லாதவர்களும் அளக்கலாம். வெறுமையான மின்தேக்கியை 10,000 ஓம் மின்தடை வழியாக 9 வோல்ட் பேட்டரியில் சேருங்கள். அழுத்தம் 5.7 வோல்ட்டைத் தொட, அதாவது 63 சதவீதம் நிரம்ப, 10 நொடி ஆனால் அது 1,000 மைக்ரோஃபாரட். 5 நொடி ஆனால் 500. பெரிய மின்பகுளி வகைகளுக்குக் கடிகாரமே போதும். முனைகளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

100 என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 88 காட்டுகிறது. கெட்டுப்போனதா?

மின்பகுளி வகையென்றால் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது இயல்பு. சர்க்யூட்டில் இருந்தபடியே அளந்திருந்தால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம், ஒரு காலையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இன்னொரு சூட்சுமம் சிறிய செராமிக் வகைகளில். அவற்றின் மேல் டிசி மின்னழுத்தம் ஏற ஏற மின்தேக்குத்திறன் குறையும், சிலவற்றில் பாதிக்கும் கீழே. மீட்டர் கிட்டத்தட்ட சுழி வோல்ட்டில் அளப்பதால் முழு மதிப்பைக் காட்டிவிட்டு, சர்க்யூட்டில் காலை வாரும்.

அளவுகோல்களுக்கே அளவுகோல் எது? ஃபாரட்டை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

1956-இல் ஆஸ்திரேலியாவில் தாம்ப்சன், லாம்பார்ட் இருவரும் ஓர் அழகான தேற்றத்தைக் கண்டார்கள். நான்கு உலோக உருளைகளை இணையாக, சமச்சீராக நிறுத்தினால், எதிரெதிர் உருளைகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் உருளையின் தடிமனையோ இடைவெளியையோ பொறுத்ததல்ல, நீளத்தை மட்டுமே பொறுத்தது: வெற்றிடத்தில் மீட்டருக்கு 1.95 பிக்கோஃபாரட். நீளத்தை ஒளியால் மிகத் துல்லியமாக அளக்கத் தெரியும் என்பதால் ஃபாரட்டும் அதே துல்லியத்தை ஒட்டி வந்துவிட்டது. இன்னொரு வழி, குவாண்டம் ஹால் விளைவு (கடுங்குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் மெல்லிய குறைகடத்தியில் மின்தடை மாறாத படிகளில் நிற்பது) தரும் சுமார் 25,812.8 ஓம் மின்தடையிலிருந்து, அதிர்வெண் வழியாக ஃபாரட்டுக்கு வருவது. 2019 மே 20 முதல் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் நிலையான எண்களாகிவிட்டதால், இந்த இரண்டாம் வழி அலகின் வரையறையோடு நேராகவே இணைந்துவிட்டது.

ஃபாரட் தவிர வேறு அலகுகள் இருந்தனவா?

இருந்தன. சென்டிமீட்டர், கிராம், நொடி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பழைய சிஜிஎஸ் நிலைமின் முறையில் மின்தேக்குத்திறன் சென்டிமீட்டரில் வரும். 1 சென்டிமீட்டர் சுமார் 1.11 பிக்கோஃபாரட். பழைய ஜெர்மானிய வானொலிகளைத் திறந்தால் மின்தேக்கியில் சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம், நீளம் என்று நினைத்து அளவுநாடாவை எடுத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படையில் 'ஜாடி' என்றே ஓர் அலகு இருந்தது: 1,000 சென்டிமீட்டர், அதாவது 1.11 நானோஃபாரட், லேடன் ஜாடியின் நினைவாக. மின்தேக்குத்திறனின் தலைகீழ் அளவுக்கு ஃபாரட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'டாராஃப்' என்று பெயர் வைத்ததும் உண்டு. அது அவ்வளவாக ஓடவில்லை.